முதுமையிலும் சொந்த வீட்டிலேயே பாதுகாப்பாக வாழ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பாவுக்கு 78 வயதில் குளியலறையில் கால் வழுக்கியது. இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் சுவரில் கைப்பிடி, உயரம் கூட்டிய கட்டில், வாசலில் சரிவுப் பாதை என்று ஓடி ஓடி எல்லாவற்றையும் செய்தேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்க நேரமும் இல்லை. திரும்பி வந்தவர் தன் வீட்டையே விருந்தாளி போலப் பார்த்தார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அம்மாவின் விஷயத்தில் அப்படி விடவில்லை. அவர் நன்றாக நடமாடிக்கொண்டிருந்த காலத்திலேயே இருவரும் உட்கார்ந்து பேசி, வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினோம். அதைப் பார்த்துவிட்டு உறவினர்களும் நண்பர்களும் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மருந்து, நோய் பற்றிச் சொல்லியிருப்பவற்றை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

இதையெல்லாம் எந்த வயதில் தொடங்க வேண்டும்?

வயதைப் பார்க்காதீர்கள். அவர் தன் விருப்பத்தைத் தெளிவாகச் சொல்லவும், மாற்றத்துக்குப் பழகிக்கொள்ளவும் முடிகிற காலத்தில் தொடங்குங்கள். பெரும்பாலோருக்கு அது அறுபதுகளிலேயே வந்துவிடும்.

65 வயதைத் தாண்டியவர்களில் ஆண்டுதோறும் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஒருமுறையாவது விழுகிறார். எல்லா விழுதலும் எலும்பை முறிப்பதில்லை. ஆனால் ஒருமுறை விழுந்தவர் மறுபடி விழும் வாய்ப்பு அதிகம். அதைவிடக் கெடுதலானது பயம். விழுந்துவிடுவோமோ என்று நடப்பதைக் குறைத்துக்கொள்வார், நடை குறைந்தால் தசை தளரும், தசை தளர்ந்தால் மறுபடி விழுவார். இந்தச் சுழல் தொடங்குவதற்கு முன்பே வேலையைத் தொடங்கிவிட்டால் பாதிப் பாரம் குறையும்.

வேறு காரணத்துக்காக வீட்டில் கொத்து வேலை நடந்தால் அதை விட்டுவிடாதீர்கள். குளியலறையில் ஓடு மாற்றும்போதே கைப்பிடி வரப்போகும் இடங்களில் சுவரைப் பலப்படுத்தி வைக்கலாம். கைப்பிடியைப் பத்து ஆண்டு கழித்துப் பொருத்தினாலும் சுவர் தயாராக இருக்கும்.

வீட்டில் முதலில் எதைப் பார்ப்பது?

வீட்டைப் பார்க்காதீர்கள், அவருடைய ஒரு நாளைப் பாருங்கள். காலையில் கண் விழிப்பதிலிருந்து இரவு விளக்கை அணைப்பதுவரை கூடவே இருங்கள். எழும்போது கை எதைப் பிடிக்கிறது? நாற்காலியிலிருந்து ஒரே முயற்சியில் எழுகிறாரா, இரண்டு மூன்று முறை ஆடி ஆடி எழுகிறாரா? துணி மாற்றும்போது எதில் சாய்கிறார்? எங்கள் வீட்டுச் சுவரில் ஒரே இடத்தில் விரல் அழுக்கு படிந்திருந்தது. அம்மா தினமும் அங்கே கை ஊன்றித்தான் திரும்பியிருக்கிறார். கைப்பிடி எங்கே வேண்டும் என்பதை அந்தச் சுவரே காட்டிவிட்டது.

இதற்கு மருத்துவத் துறையில் இரண்டு பட்டியல்கள் வைத்திருக்கிறார்கள். 1963இல் காட்ஸ் என்ற மருத்துவரின் குழு தந்த பட்டியலில் குளித்தல், உடுத்தல், கழிப்பறைக்குப் போய் வருதல், படுக்கையிலிருந்தும் நாற்காலியிலிருந்தும் எழுந்து மாறுதல், மலஜலத்தை அடக்கும் திறன், தானே சாப்பிடுதல் என்று ஆறு அடிப்படை வேலைகள் உண்டு. 1969இல் லாட்டன், பிராடி இருவரும் தந்ததில் எட்டு: தொலைபேசி, கடைக்குப் போதல், சமையல், வீட்டுப் பராமரிப்பு, துணி துவைத்தல், பயணம், மருந்து எடுத்துக்கொள்வது, பணம் கையாள்வது. பொதுவாக இரண்டாவது பட்டியலில் உள்ளவைதான் முதலில் தடுமாறத் தொடங்கும். குளிப்பதில் ஒரு சிக்கலும் இல்லாதவர் மின்கட்டணம் கட்ட மறக்கிறார் என்றால் அது ஒரு முன்னறிவிப்பு.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் எதையெல்லாம் சத்தமில்லாமல் விட்டுவிட்டார்? மாடிக்குப் போவதில்லை, தோட்டத்துப் பக்கம் போவதில்லை என்றால், ஏன் என்று கேளுங்கள். "ஆசை இல்லை" என்ற பதிலை உடனே நம்பிவிடாதீர்கள்.

விழும் ஆபத்து எவ்வளவு என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

ஓரளவு முடியும். கை வைத்த நாற்காலி ஒன்றைப் போட்டு, அதிலிருந்து 3 மீட்டர் தூரத்தில் தரையில் ஒரு கோடு போடுங்கள். அவர் எழுந்து, வழக்கமான வேகத்தில் கோடுவரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். தினமும் அணியும் செருப்போ ஷூவோ அணிந்திருக்கட்டும், கைத்தடி இருந்தால் அதுவும் இருக்கட்டும். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து கூடுதல் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

அப்புறம் ரத்த அழுத்தம். படுத்திருக்கும்போது ஒருமுறை, எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மறுமுறை பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். "எழுந்ததும் கண் இருட்டுது" என்று பெரியவர்கள் சொல்வது பெரும்பாலும் இதுதான். அதுவரை, படுக்கையிலிருந்து எழுந்தவுடன் நடக்காமல் கட்டில் ஓரத்தில் ஒன்றிரண்டு நிமிடம் உட்கார்ந்து, காலை ஆட்டிவிட்டு எழச் சொல்லுங்கள்.

குளியலறையில் என்னென்ன மாற்ற வேண்டும்?

நீங்கள் ஒரே ஒரு அறைக்குத்தான் செலவு செய்ய முடியும் என்றால் அது குளியலறையாக இருக்கட்டும். ஈரத்தரை, வெறுங்கால், குனிதல், கண்ணில் சோப்பு, மூடிய கதவு எல்லாம் ஒரே இடத்தில் சேர்வது அங்கேதான்.

முதலில் கைப்பிடிக் கம்பி. துண்டு போடும் கம்பி கைப்பிடி ஆகாது. ஒரு ஆள் முழு எடையோடு தொங்கினால் அது சுவரை விட்டுப் பெயர்ந்து வரும், அவரும் கூடவே விழுவார். காற்றழுத்தத்தில் ஓட்டில் ஒட்டும் கைப்பிடிகளையும் நான் நம்புவதில்லை. கழன்று நிற்பது வெளியே தெரியாது. கம்பி 100 கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும், சுவருக்குள் திருகிப் பொருத்தியிருக்க வேண்டும். கம்பிக்கும் சுவருக்கும் நடுவே சுமார் 38 மி.மீ. இடைவெளி போதும். இடைவெளி அதிகமானால் கை உள்ளே நுழைந்து மாட்டிக்கொள்ளும். படுக்கைவாட்டுக் கம்பிக்கு 84 முதல் 91 செ.மீ. உயரம் பொதுவாகச் சொல்லப்படுவது. ஆனால் அளவு நாடாவை மட்டும் நம்பாமல் அவரையே உள்ளே நிற்கச் சொல்லி, கை இயல்பாகப் போகும் இடத்தில் பென்சிலால் குறியுங்கள். உள்ளே நுழையும் இடம், குளிக்கும் இடம், கழிப்பறை இருக்கையின் பக்கவாட்டு என மூன்று இடத்திலும் வேண்டும்.

கழிப்பறை இருக்கை 43 முதல் 48 செ.மீ. உயரத்தில் இருந்தால் எழுவது எளிது. தாழ்வாக இருந்தால் மேலே பொருத்தும் உயர்த்தி கிடைக்கிறது. அது அசையாமல் பூட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். குளிக்க உட்கார்ந்துகொள்ளும் நாற்காலி, கையில் எடுத்து நீர் ஊற்றிக்கொள்ளும் ஷவர் இரண்டும் பெரிய உதவி. நின்றுகொண்டு காலுக்குச் சோப்பு போட வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடும்.

வெந்நீர் பற்றிப் பலரும் யோசிப்பதில்லை. வயதான தோல் மெல்லியது, சூட்டை உணர்வதும் தாமதம். 60 டிகிரி செல்சியஸ் நீர் ஐந்தாறு விநாடியிலேயே ஆழமான தீப்புண்ணை உண்டாக்கும். 49 டிகிரியில் அதற்குப் பல நிமிடம் ஆகும். குழாயில் வரும் நீர் அந்த அளவைத் தாண்டாதபடி அமைத்துவிடுங்கள்.

கடைசியாகக் கதவு. உள்பக்கம் திறக்கும் கதவாக இருந்து, உள்ளே விழுந்தவர் அதன் மேலேயே கிடந்தால் யாரும் நுழைய முடியாது. வெளிப்பக்கம் திறப்பதாகவோ பக்கவாட்டில் நகர்வதாகவோ மாற்றுங்கள். தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கக்கூடியதாக இருக்கட்டும். அப்பா விழுந்த அன்று கதவை உடைக்க எங்களுக்கு இருபது நிமிடம் ஆனது.

படிக்கட்டு இருக்கிற வீடு. விட்டுவிட்டுப் போக வேண்டியதுதானா?

உடனே வேண்டாம். இரண்டு பக்கமும் கைப்பிடி வையுங்கள், அது கடைசிப் படியைத் தாண்டி ஒரு சாண் அளவாவது நீண்டிருக்கட்டும். கைப்பிடி முடியும் இடமும் படி முடியும் இடமும் ஒன்றாக இருந்தால், இன்னொரு படி இருப்பதாக நினைத்துக் காலை வைத்துவிடுவார்கள். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் படிக்கு மாறான நிறத்தில் பட்டை ஒட்டுங்கள். விளக்கு ஸ்விட்ச் மேலேயும் கீழேயும் வேண்டும்.

ஒரு கால் பலவீனமாக இருந்தால் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். இதை பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை நேரில் காட்டினால் நன்றாகப் பதியும்.

இவ்வளவுக்குப் பிறகும் சிரமம் என்றால் படுக்கையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுங்கள். வாசலில் சரிவுப் பாதை போடுவதாக இருந்தால், 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது கணக்கு. பலர் இடமில்லை என்று 5 அடியில் முடித்துவிடுகிறார்கள். அதில் வீல்சேரை ஏற்றவும் முடியாது, இறக்கும்போது பிடிக்கவும் முடியாது. வீல்சேர் வரக்கூடும் என்று நினைத்தால் கதவுத் திறப்பு 81 செ.மீ.க்குக் குறையாமலும், திரும்ப 150 செ.மீ. விட்டமுள்ள இடமும் வேண்டும்.

வெளிச்சம் போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உங்கள் கண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், 20 வயதுக் கண்ணுக்குக் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே உங்களுக்குப் போதுமான விளக்கு அவருக்கு மங்கல். அதே சமயம் கூசும் வெளிச்சமும், பளபளக்கும் தரையும் ஆகாது.

படுக்கையிலிருந்து கழிப்பறைக்குப் போகும் வழிதான் முக்கியம். நடமாட்டம் கண்டால் தானாக எரியும் சிறு விளக்குகளை அந்த வழியில் முழங்கால் உயரத்துக்குக் கீழே வைத்தால் போதும். வழியில் கிடக்கும் மிதியடி, மின்கம்பி, சுருண்ட விரிப்பு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். செலவே இல்லாத வேலை இது, இன்றைக்கே செய்யலாம்.

கண்ணாடி அணிபவராக இருந்தால் ஒரு விஷயம். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்துப் பயன்படும் பைஃபோகல் கண்ணாடியோடு படி இறங்கினால், கீழ்ப்பாதி வழியாகப் படி கலங்கித் தெரியும். வெளியே நடக்க தூரப் பார்வைக்கு மட்டுமான தனிக் கண்ணாடி பற்றிக் கண் மருத்துவரிடம் கேளுங்கள். கண்புரை இருந்தால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

மருந்துக்கும் விழுவதற்கும் என்ன தொடர்பு?

நிறையவே. தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை, தூக்கம் வரவழைக்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரை ஆகியவை நிதானத்தையும் யோசனையையும் மந்தமாக்கும். ரத்த அழுத்த மாத்திரையின் அளவு கூடினால் எழும்போது தலை சுற்றும். சிறுநீர் பிரியவைக்கும் மாத்திரையை மாலையில் போட்டால் இரவில் நான்கு முறை இருட்டில் எழுந்து போக வேண்டியிருக்கும். வயதானவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளை மார்க் பியர்ஸ் என்ற மருத்துவர் 1991இல் பட்டியலிட்டார். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் அதை இன்றும் புதுப்பித்து வருகிறது.

ஐந்தோ அதற்கு மேலோ மருந்து எடுப்பவர் என்றால், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ஒரே மருத்துவரிடம் போங்கள். கடையில் தானாக வாங்கியது, பக்கத்து வீட்டார் கொடுத்தது, மூலிகைப் பொடி எல்லாமே பையில் இருக்க வேண்டும். "இதில் இன்னும் தேவைப்படுவது எது, நிறுத்தக்கூடியது எது?" என்று நேராகக் கேளுங்கள். ஆனால் எதையும், குறிப்பாகத் தூக்க மாத்திரையை, நீங்களாகச் சட்டென நிறுத்தாதீர்கள். சில மருந்துகளைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

எண்பது வயதில் உடற்பயிற்சி செய்து என்ன ஆகப்போகிறது?

கைப்பிடியைவிட இது முக்கியம் என்று நான் நினைக்கிறேன். 1990இல் பாஸ்டனில், முதியோர் இல்லத்தில் இருந்த 90 வயதை ஒட்டிய சிலருக்கு 8 வாரம் எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். தொடைத் தசையின் வலிமை இரண்டு மடங்குக்கும் மேலே போனது. தசைக்கு வயது தடையில்லை, பயன்படுத்தாமல் விடுவதுதான் தடை.

நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு முறை வீட்டிலேயே செய்யக்கூடியது. கணுக்காலில் சிறு எடை கட்டிக்கொண்டு கால் நீட்டுவது, குதிகாலிலும் விரல் நுனியிலும் நிற்பது, ஒரு காலடிக்கு முன் இன்னொன்றை ஒட்டிவைத்து நடப்பது என எளிய பயிற்சிகள்தான். அதைச் செய்தவர்களிடம் விழுவது சுமார் 35 சதவீதம் குறைந்தது. தாய் சி போன்ற மெதுவான அசைவுப் பயிற்சிகளும் நிதானத்துக்கு நல்லது. 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் வலிமைக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நடைப்பயிற்சி மட்டும் போதாது என்பதைக் கவனியுங்கள்.

அம்மாவுக்குப் பயிற்சி என்ற பேச்சே பிடிக்காது. அதனால் பல் துலக்கும் நேரத்தில் ஒரு கையால் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது, செய்தி கேட்கும்போது நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்கார்வது என்று அவருடைய வழக்கமான வேலைகளோடு கட்டிவிட்டோம். அதை அவர் விடவே இல்லை.

கைத்தடி எந்தக் கையில் பிடிக்க வேண்டும்?

வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில். பலரும் அதே பக்கத்தில் பிடிக்கிறார்கள், அது தவறு. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு வரும் உயரம்தான் தடியின் உயரம். வீட்டில் பழையதாகக் கிடக்கும் தாத்தாவின் தடி இவருக்குப் பொருந்தாமல் போகலாம். நுனியில் இருக்கும் ரப்பர் தேய்ந்தவுடன் மாற்றிவிடுங்கள். வீட்டுக்குள்ளே குதிகால் மூடிய, அடி வழுக்காத காலணி போடலாம். வெறும் சாக்ஸோடு நடக்க விடாதீர்கள்.

அப்பா எதற்கும் சம்மதிக்க மாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

எனக்கு அதிகம் வந்த கேள்வி இதுதான், அதிக நாள் நான் தவறாகக் கையாண்டதும் இதைத்தான்.

"உங்களுக்கு வயதாகிவிட்டது, விழுந்துவிடுவீர்கள்" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். கைப்பிடியை அவர் கம்பியாகப் பார்ப்பதில்லை, தான் நோயாளி ஆகிவிட்டதற்கான அடையாளமாகப் பார்க்கிறார். அதனால் அவர் காப்பாற்ற விரும்புவது எது என்று முதலில் கேளுங்கள். யார் உதவியும் இல்லாமல் குளிக்க வேண்டும், மாலையில் வெளியே நடந்துவிட்டு வர வேண்டும், பேரப்பிள்ளைகள் வந்தால் தூக்கிக்கொள்ள வேண்டும், இப்படி ஏதாவது சொல்வார். அதற்கு எது துணையோ அதை மட்டும் முதலில் செய்யுங்கள். "தனியாகக் குளிக்க இந்தக் கம்பி" என்றால் அதை ஏற்பது அவருக்குச் சுலபம்.

ஒரே நாளில் பத்து மாற்றம் வேண்டாம். கம்பியின் நிறத்தையும் இடத்தையும் அவரே தேர்ந்தெடுக்கட்டும். அவர் மதிக்கிற மருத்துவரோ பழைய நண்பரோ சொன்னால் பிள்ளை சொல்வதைவிட எடுபடும், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. சில ஆபத்துகளைத் தெரிந்தே ஏற்கும் உரிமை அவருக்கு உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தெளிவான மனதோடு "மாடிக்குப் போவேன்" என்கிறவரைத் தடுப்பதைவிட, அந்தப் படிக்கட்டைப் பாதுகாப்பாக்குவது உங்கள் வேலை.

தனியாக இருக்கும்போது விழுந்துவிட்டால்?

விழுந்ததைவிட, எழ முடியாமல் கிடப்பது பல நேரம் அதிகக் கேடு செய்கிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடந்தால் உடல் நீர் வற்றுவது, குளிர்ந்துபோவது, அழுத்தப் புண், தசை சிதைந்து சிறுநீரகம் பாதிப்பது எல்லாம் வரலாம். ஆகவே உதவி கேட்கும் வழி எப்போதும் உடலோடு இருக்க வேண்டும். கழுத்திலோ மணிக்கட்டிலோ அணியும் அவசரப் பொத்தான் நல்லது, அது நீரில் நனைந்தாலும் வேலை செய்ய வேண்டும். குளிக்கும்போது கழற்றி வைத்துவிட்டால் பயனில்லை. தொலைபேசி ஒன்றைத் தரையிலிருந்து எட்டும் உயரத்திலும் வையுங்கள்.

எழும் முறையையும் முன்கூட்டியே பழக்குங்கள். விழுந்ததும் அவசரப்பட்டு எழக் கூடாது. மூச்சு வாங்கி, எங்கே வலிக்கிறது என்று பார்க்க வேண்டும். கடுமையான வலி இல்லையென்றால் பக்கவாட்டில் புரண்டு, முழங்கையை ஊன்றி, கையும் முழங்காலும் தரையில் படும் நிலைக்கு வர வேண்டும். தவழ்ந்து உறுதியான நாற்காலியிடம் போய், இரு கையையும் அதன் மேல் வைத்து, பலமான காலின் பாதத்தை முன்னே ஊன்றி, எழுந்து திரும்பி உட்கார வேண்டும். எழ முடியாவிட்டால் சத்தம் போட்டுக்கொண்டும், கை காலை அசைத்துக்கொண்டும், கிடைத்த துணியைப் போர்த்திக்கொண்டும் இருக்க வேண்டும். தலையில் அடிபட்டிருந்தால், அதிலும் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவராக இருந்தால், நன்றாகத்தானே இருக்கிறார் என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

நம்பகமான பக்கத்து வீட்டார் ஒருவரிடம் சாவி இருக்கட்டும். காலையில் குறிப்பிட்ட நேரத்தில் ஒரு போன், எடுக்காவிட்டால் யார் போய்ப் பார்ப்பது என்ற ஏற்பாடு, இவ்வளவுதான். சாதாரணமாகத் தெரியும், உயிரைக் காப்பாற்றும்.

வீட்டுக்குள் கேமரா வைக்கலாமா?

அவரிடம் கேட்காமல் வைக்காதீர்கள். படுக்கையறையிலும் குளியலறையிலும் கேட்டும் வைக்க வேண்டாம். கதவு திறப்பதையும் நடமாட்டத்தையும் மட்டும் தெரிவிக்கும் சென்சார்கள் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும்.

மறதிநோய் தொடங்கிவிட்டது. வீட்டில் வைத்துப் பார்க்க முடியுமா?

தொடக்க நிலையில் பெரும்பாலும் முடியும். அங்கே பழக்கம்தான் துணை, அதனால் பொருள்களின் இடத்தை மாற்றாதீர்கள். கழிப்பறைக் கதவில் படம் ஒட்டுங்கள், கதவைப் பாதி திறந்தே வையுங்கள். தரையில் கறுப்பு விரிப்பு இருந்தால் அது பள்ளமாகத் தெரிந்து தாண்டப் பார்ப்பார்கள். கண்ணாடியில் தெரியும் உருவம் யாரோ அந்நியர் என்று பயந்தால் கண்ணாடியை மூடிவிடுங்கள். அடுப்பு தானாக அணையும் வகையாக இருப்பது நல்லது. வாசனை உணர்வு குறைவதால் எரிவாயு கசிந்தாலும் அவர்களுக்குத் தெரியாமல் போகலாம். புகை எச்சரிக்கைக் கருவி இருந்தால் மாதம் ஒருமுறை அழுத்திச் சோதியுங்கள். பத்து ஆண்டு ஆனதை மாற்றிவிட வேண்டும். மருந்து, துப்புரவு திரவம் எல்லாம் பூட்டுக்குள் போகட்டும்.

வெளியே போய் வழி தவறுவார் என்ற பயம் இருந்தால் பெயரும் உங்கள் எண்ணும் உள்ள வளையம் கையில் இருக்கட்டும், கதவு திறந்தால் ஒலிக்கும் மணி வையுங்கள். ஆனால் உள்ளே ஆளை வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போகவே கூடாது. தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

வீடு பாதுகாப்பாகிவிட்டது, ஆனால் அவர் பேசுவதே குறைந்துவிட்டது. ஏன்?

முதலில் காதைச் சோதியுங்கள். கேட்காதவர் கூட்டத்திலிருந்து விலகிவிடுவார், நாம் அதை மனச்சோர்வு என்றோ மறதி என்றோ நினைப்போம். லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் மறதிநோய்க்கு மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சொன்னது. அவற்றில் கேட்கும் திறன் இழப்பு, பார்வை இழப்பு, தனிமைப்படுதல் மூன்றும் இருக்கின்றன.

பாதுகாப்பு என்ற பேரில் எல்லா வேலையையும் அவர் கையிலிருந்து பிடுங்கிவிட்டோமா என்றும் யோசிக்க வேண்டும். நான் அப்பாவுக்கு அதைச் செய்தேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதுகூட வேண்டாம் என்று தடுத்தேன். அம்மாவுக்கு லேசான, நீளமான குழாய் வைத்த பூவாளி வாங்கிக் கொடுத்து, செடித் தொட்டிகளை இடுப்பு உயரத்துக்கு ஏற்றி வைத்தோம்.

பணம், கையெழுத்து விஷயங்களை எப்போது பேசுவது?

தெளிவாக முடிவெடுக்க முடிகிறபோதே. உயில், தனக்குப் பதிலாக யார் பணத்தைக் கையாளலாம், யார் மருத்துவ முடிவு எடுக்கலாம், எந்த சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் ஆகியவற்றை எழுத்தில் வைக்க வேண்டும். பல நாடுகளில் சாதாரண அதிகாரப் பத்திரம், எழுதிக் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்ததும் செல்லாமல் போய்விடும். மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது கைகொடுக்காது. உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லி ஓடிபி கேட்பவர்களைப் பற்றி அடிக்கடி சொல்லுங்கள். ஏமாந்தாலும் உடனே உங்களிடம் சொல்லலாம், திட்ட மாட்டீர்கள் என்ற நம்பிக்கையைக் கொடுங்கள்.

பார்த்துக்கொள்கிறவர் நான் ஒருத்திதான். எனக்கு முடியவில்லை.

முடியவில்லை என்று சொல்வது குற்றமில்லை. உடன்பிறந்தவர்களிடம் "உதவி செய்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். "மாதத்தில் முதல் சனி, ஞாயிறு நீ வந்து இரு", "மருந்து வாங்குவது உன் பொறுப்பு" என்று பெயர் சொல்லிப் பிரியுங்கள். தூரத்தில் இருப்பவர் பில் கட்டலாம், மருத்துவரிடம் நேரம் வாங்கலாம். தூக்கி உட்காரவைப்பது, கட்டிலில் திருப்பிவிடுவது போன்றவற்றை முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உங்கள் முதுகு போய்விடும். உங்கள் தூக்கம் தொடர்ந்து கெட்டால், அல்லது அவர்மேல் கோபம் கையை மீறினால், அன்றே வேறு ஆளை ஏற்பாடு செய்ய வேண்டும்.

எல்லாம் செய்தும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாத நாள் வந்தால்?

வரலாம். இரவு முழுவதும் ஆள் தேவைப்படுகிறது, ஒருவரால் தூக்க முடியவில்லை, உணவு விழுங்கும்போது புரையேறுகிறது, தனியே விட்ட சில நிமிடங்களில் ஆபத்து என்ற நிலை வந்தால், வீடு அவருக்குப் பாதுகாப்பாக இல்லை. எந்த நிலை வந்தால் இடம் மாறுவது என்பதை அவரோடு முன்பே பேசி எழுதி வையுங்கள். பராமரிப்பு இல்லங்கள் இரண்டு மூன்றை அவரே நடந்துபோய்ப் பார்க்கும் காலத்தில் பாருங்கள். சாப்பாட்டு நேரத்தில், முன்னறிவிப்பு இல்லாமல் போங்கள். அங்கே இருப்பவர்களை ஊழியர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா, மணி அடித்தால் எவ்வளவு நேரத்தில் வருகிறார்கள் என்று கவனியுங்கள்.

அம்மா கடைசி ஒன்றரை ஆண்டு அப்படி ஓர் இடத்தில்தான் இருந்தார். போவதற்கு நான்கு ஆண்டு முன்பே, தன்னுடன் வர வேண்டியவை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்: ஜன்னலோரக் கட்டில், தன் தலையணை, சிறிய ரேடியோ, பூவாளி. நான்கையும் கொண்டுபோய் வைத்தோம்.